கொண்டு தருபவர்கள்: அசெம்பிளி லைன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

அசெம்பிளி லைன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு உருவம்தான். நகரும் பட்டைக்கு முன்னால் நின்றபடி ஒரே நட்டைத் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருக்கும் தொழிலாளி. 1936-இல் சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் காட்டியது அவனைத்தான். முசோலினியின் சிறையிலிருந்து கிராம்ஷி 'அமெரிக்கனிசமும் ஃபோர்டிசமும்' பற்றிக் குறிப்புகள் எழுதியபோது யோசித்ததும் அவனது உடலையும், ஆலைக்கு வெளியே அவன் வாழ்கிற வாழ்வையும் பற்றித்தான். அந்நியமாதல் குறித்துத் தமிழில் எழுதிய நண்பர்களும் பெரும்பாலும் அவனிடமிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அவன் முடுக்குகிற அந்த நட்டு அவன் கைக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

சாதாரணக் கேள்விதான். ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். நிமிஷத்துக்கு ஒரு கார் வெளியே வருகிற ஆலையில் அத்தனை பாகங்களும் அந்தந்த இடத்துக்கு அந்தந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தானாக எதுவும் போய்ச் சேராது. யாராவது தூக்க வேண்டும், தள்ள வேண்டும், எண்ணி வைக்க வேண்டும், காலிப் பெட்டியைத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். பொருத்துகிற கைக்குத் தத்துவத்திலும் சினிமாவிலும் தொழிற்சங்க வரலாற்றிலும் கிடைத்த இடம், கொண்டு தருகிற கைக்குக் கிடைக்கவில்லை. 'என்ன பெரிய வேலை, பெட்டி தூக்குறதுதானே' என்கிற பார்வை முதலாளியிடம் மட்டும் இருப்பதல்ல, நம்மிடமும் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். லைனுக்குப் பாகங்களைக் கொண்டு சேர்க்கும் முறைகளின் வரலாறு வெறும் பொறியியல் வரலாறு அல்ல. யார் நடப்பது, யார் காத்திருப்பது, எந்தப் பாகம் எதில் பொருந்தும் என்கிற அறிவு யாரிடம் இருப்பது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பங்குபோட்டிருக்கிறது. அந்தப் பங்கீட்டில் மூலதனம் நிறையவே வென்றது. கூடவே ஒரு பலவீனத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் பலவீனமான இடத்தில் இன்று நிற்கிற தொழிலாளியைத்தான் நம் நாட்டுச் சட்டம், மையமான வேலை செய்பவன் அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது.

2

1913 ஆகஸ்ட் மாதம். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு ஆலை. நகரும் லைன் சேசிஸ் பகுதிக்கு இன்னும் வரவில்லை. சேசிஸ்கள் வரிசையாகத் தரையில் நிற்கும்; ஆட்கள் அவற்றைச் சுற்றி நின்று வேலை செய்வார்கள். அந்த மாதத்துக் கணக்கை ஆர்னால்ட், ஃபரோட் என்ற இருவர் எழுதி 1915-இல் வெளிவந்த நூல் பதிவு செய்திருக்கிறது. பொருத்துகிறவர்கள் 250 பேர். அவர்களுக்குப் பாகங்களைச் சுமந்து வந்து கொடுத்தவர்கள் 80 பேர். நாளைக்கு 9 மணி நேரம், மொத்தம் 26 நாள் வேலை. முடிந்த சேசிஸ்கள் 6,182. ஆக, ஒரு சேசிஸுக்கு 12 மணி 28 நிமிஷ உழைப்பு.

இந்த 12 மணி 28 நிமிஷம் உலகப் பிரசித்தம். மறு வருஷம் ஏப்ரலில் அது 1 மணி 33 நிமிஷமாகச் சுருங்கியது என்பதை மேலாண்மைப் பாடநூல்கள் ஸ்தோத்திரம்போல ஒப்பிக்கின்றன. அந்த 80 பேரைப் பற்றி யாரும் ஒப்பிப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று பொருத்துநர்களுக்கு ஒரு சுமப்பவர். 12 மணி 28 நிமிஷத்தில் சுமார் மூன்று மணி நேரம் கொண்டுவந்து கொடுப்பதற்கே செலவான நேரம். பொருத்துகிறவர்கள் தாங்களே எழுந்து போய் எடுத்து வந்த நேரம் இதில் சேராது.

முதல் சோதனை எப்படி நடந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 250 அடி தூரத்துக்கு ஒரு கயிறு, அதைச் சுற்றி இழுக்க ஓர் உருளை. சேசிஸைக் கயிற்றில் கட்டி மெதுவாக இழுத்தார்கள். ஆறு பேர் அதோடு கூடவே நடந்து போனார்கள். பாகங்களை வழி நெடுகக் குவியல் குவியலாக வைத்திருந்தார்கள். உழைப்பு நேரம் 5 மணி 50 நிமிஷமாக விழுந்தது. இன்னும் வேலையைச் சிறு துண்டுகளாக நறுக்கவில்லை. ஆளை ஓரிடத்தில் நிறுத்தவும் இல்லை. பாகத்தை நிற்க வைத்து வண்டியை நடக்க விட்டார்கள், அம்புட்டுதான். பாதிக்கு மேல் நேரம் மிச்சம்.

வண்டி நின்றால் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வண்டியைத் தேடிப் போக வேண்டும். வண்டி நடந்தால் ஒரு பாகம் ஒரே ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். நூறு வாசலுக்குக் கொண்டு போக வேண்டியதை ஒரே வாசலில் இறக்கிவிடலாம். நகரும் லைன் என்பதை வேலைப் பிரிவினையின் உச்சம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பாகம் கொண்டு தருகிற சிக்கலுக்குக் கண்டுபிடித்த விடையாகவும் அதைப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன். கட்டடமே அந்த விடைக்கு ஏற்ப மாறியது. ஆல்பர்ட் கான் வடிவமைத்து 1914-இல் எழுந்த ஆறு மாடிக் கட்டடங்களில் ரயில் தண்டவாளம் உள்ளேயே வந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஓடிய கிரேன்கள் பெட்டியிலிருந்து சரக்கைத் தூக்கி அந்தந்த மாடியின் நீட்டிய மேடையில் வைத்தன.

ஃபோர்டு இதை நடையின் மொழியில்தான் விளக்கினார். 12,000 பேர் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்தடி நடையை மிச்சப்படுத்தினால் 50 மைல் வீண் அலைச்சல் மிச்சம் என்று 1922-இல் வெளிவந்த தன் நூலில் கணக்குச் சொல்கிறார். வீண் அலைச்சல் என்று அவர் சொல்கிற அந்தப் பத்தடிதான் தொழிலாளிக்கு மூச்சு வாங்குகிற இடைவெளி. பாகம் எடுக்கப் போகிற சாக்கில் முதுகை நிமிர்த்துவது, பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை பேசுவது எல்லாம் அந்த நடைக்குள் அடங்கும். நடையை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது நிற்பது மட்டும்தான். 1913-இல் அந்த ஆலையில் ஆட்கள் விட்டுப் போன விகிதம் 370 சதவீதம். 1914 ஜனவரியில் ஐந்து டாலர் தினக்கூலி அறிவிக்கப்பட்டதன் பின்னணியில் இதுவும் இருந்தது.

3

சரி, பாகம் லைன் ஓரத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் அது எங்கே கிடந்தது? கிடங்கில், ரயில் பெட்டியில், வேறொருவர் ஆலையில். கிடக்கிற பாகம் கிடக்கிற பணம். 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் சுற்றோட்டக் காலத்தை விரிவாக எடுத்துக்கொள்வது இதனால்தான். தேங்கி நிற்கிற ஒவ்வொரு நாளும் மூலதனம் மூலதனமாக இயங்காத நாள்.

1920 கடைசியில் அமெரிக்காவில் மந்தம். கார் விற்கவில்லை, கடன் தவணை நெருங்குகிறது. ஃபோர்டு டிசம்பரில் ஆலையை மூடினார். வங்கிகளிடம் போகாமல் தப்பித்தது எப்படி என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சரக்குப் போக்குவரத்தை வேகப்படுத்தி, உற்பத்திச் சுற்றை 22 நாளிலிருந்து 14 நாளாகக் குறைத்தார். வழியில் கிடந்த சரக்கை இப்படி வேகப்படுத்தியதால் மட்டும் 2 கோடியே 80 லட்சம் டாலர் கைக்கு வந்ததாக அவர் கணக்கு. கையிருப்பைக் கார்களாக்கி விற்பனையாளர்களுக்கு அனுப்பிவைத்ததில் இன்னும் பணம். அவர்கள் கேட்டார்களா என்பது வேறு விஷயம். பணம் கட்டி எடுக்காவிட்டால் ஏஜென்சி போய்விடும். அவரவர் ஊர் வங்கியில் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஃபோர்டின் முற்றத்தில் கிடந்த சரக்கு இப்போது விற்பனையாளர் முற்றத்தில் கிடந்தது. ஃபோர்டு தலையில் இருந்த வட்டி அவர் தலைக்கு மாறியது. இருப்பு ஒழியவில்லை, கைமாறியது. இந்தச் சூத்திரத்தை நாம் மறுபடியும் மறுபடியும் பார்க்கப் போகிறோம்.

பிறகு ஃபோர்டு ரூஜ் ஆற்றங்கரையில் எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். கப்பலில் தாது வரும், உருக்காகும், எஞ்சினாகும். சுரங்கத்திலிருந்து கார் வரைக்கும் 81 மணி நேரம் என்று 1926-இல் அறிவித்தார். இருப்பைக் குறைக்க உலகத்தையே மதிலுக்குள் இழுத்துக்கொள்கிற முயற்சி அது.

ஆனால் இருப்புக்கு இன்னொரு முகம் உண்டு. அது தொழிலாளிக்கு எதிரான காப்பீடு. ஒரு பகுதியில் வேலைநிறுத்தம் என்றால் கிடங்கில் கிடக்கிற பாகம் லைனை ஓட்டும். கிடங்கு எத்தனை நாளைக்குத் தாங்குமோ அத்தனை நாளைக்கு முதலாளி காத்திருக்கலாம். தொழிலாளியின் அடுப்பு அதுவரை தாங்காது. இந்தக் கணக்கை ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் தலைகீழாகப் போட்டுப் பார்த்தது 1936 டிசம்பர் 30 அன்று. ஃப்ளிண்ட் நகரின் ஃபிஷர் பாடி ஒன்றாம் ஆலையிலிருந்து, காரின் உடல்தகடுகளை அடிக்கிற அச்சுகளை வேறு ஊருக்கு ரயிலேற்றப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிப்ரவரி 1 அன்று ஷெவர்லே எஞ்சின் ஆலையையும் கைப்பற்றினார்கள். ஓரிரு ஆலைகளுக்குள் உட்கார்ந்தவர்கள் சில ஆயிரம் பேர். வேலை நின்றுபோனது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. 44 நாளில், 1937 பிப்ரவரி 11 அன்று, நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்துக் கையெழுத்திட்டது.

அவர்கள் எல்லா ஆலையையும் நிறுத்தவில்லை. எந்தப் பாகம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பாகம் போகிற பாதையின் வரைபடம் அன்று போராட்டத்தின் வரைபடமாகவும் ஆனது. நிர்வாகமும் பாடம் கற்றது. முக்கியமான பாகத்துக்கு ஒரே ஆலையை நம்பியிருக்கக் கூடாது என்பது அதன்பிறகு ஆலைகளைப் பரப்பி வைப்பதில் ஒரு கணக்காக ஆயிற்று.

4

ஜப்பானுக்கு வருவோம். 'சரியான நேரத்துக்குச் சரியாக' என்ற சொல்லைக் கீச்சிரோ டொயோடா 1938-இல் திறந்த கொரோமோ ஆலையிலேயே பயன்படுத்தினார். போர் வந்து அது நின்றது. போருக்குப்பின் டொயோட்டாவில் இருந்த நிலைமையைத் தைச்சி ஓனோ எழுதியிருக்கிறார். மாதத்தின் முதல் பாதியில் பாகங்கள் வந்து சேராது, ஆட்கள் சும்மா நிற்பார்கள். இரண்டாம் பாதியில் எல்லாம் ஒன்றாக வந்து குவியும், விழுந்தடித்து ஓடி வண்டிகளை முடிப்பார்கள்.

ஓனோ செய்தது திசையைத் திருப்பியது. முந்தின பகுதி செய்து தள்ளுவதற்குப் பதில், பிந்தின பகுதி போய்த் தனக்கு வேண்டியதை வேண்டியபோது எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த அளவுக்குத்தான் முந்தின பகுதி திரும்பச் செய்யலாம். 1940-களின் கடைசியில் எஞ்சின் பட்டறையில் தொடங்கியது இது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து இந்த யோசனை வலுப்பட்டது என்கிறார். வாடிக்கையாளர் எடுத்த இடம் காலியாகும், காலியான இடத்தைக் கடைப் பையன் நிரப்புவான். நம் தெருமுனை மளிகைக் கடையில் நடப்பதும் இதுதான். பெட்டியோடு ஓர் அட்டை போகும். பெட்டியிலிருந்து பாகத்தை எடுக்க ஆரம்பிக்கும்போது அட்டையைக் கழற்றிவிட வேண்டும். அட்டை திரும்பிப் போனால் அதுதான் ஆர்டர். அட்டை வராமல் செய்யக் கூடாது, அட்டை இல்லாமல் தூக்கக் கூடாது. கான்பான் என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் பலகை என்றுதான் அர்த்தம். மொத்தம் எத்தனை அட்டை சுற்றுகிறதோ அதுவே இருப்பின் உச்ச அளவு. ஓர் அட்டையை எடுத்துவிட்டால் ஒரு பெட்டி இருப்பு குறைந்துவிடும்.

அழகான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இது ஏன் 1930-களின் ஃப்ளிண்டில் சாத்தியமில்லாமல் 1950-களின் டொயோட்டாவில் சாத்தியமானது? மேலாண்மை நூல்கள் இதைக் கலாச்சாரம், ஒழுங்கு, ஜப்பானிய மனம் என்றெல்லாம் சொல்லிக் கடந்துபோகும். வரலாறு வேறு கதை சொல்கிறது. 1950-இல் டொயோட்டா திவாலாகும் நிலை. வங்கிகள் கைகொடுக்க நிபந்தனை போட்டன. ஆட்குறைப்பை எதிர்த்து சங்கம் இரண்டு மாதம் போராடியது. முடிவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். கீச்சிரோவும் ராஜினாமா செய்தார். அதே ஜூனில் கொரியப் போர் வெடித்தது. அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் வந்தன. அதற்கு ஈடாக ஆள் எடுக்கவில்லை. 1953-இல் நிசானில் நீண்ட போராட்டத்துக்குப்பின் போர்க்குணமிக்க சங்கம் உடைக்கப்பட்டு நிர்வாகத்தோடு ஒத்துப்போகிற சங்கம் உட்கார்ந்தது. கிடங்கைக் காலி செய்வதென்றால் வேலைநிறுத்தத்துக்கு எதிரான காப்பீட்டை விட்டுவிடுவது என்று பொருள். வேலைநிறுத்தம் வராது என்ற நம்பிக்கை வந்தபிறகுதான் எந்த முதலாளியும் அதை விடத் துணிவான். கான்பான் அட்டை சுற்றுவதற்கான தரையை அந்தத் தோல்விகள்தான் சமன் செய்து கொடுத்தன என்பது என் வாசிப்பு.

இருப்பைக் குறைப்பதற்கு டொயோட்டாக்காரர்கள் ஓர் உவமை சொல்வார்கள். ஏரியில் தண்ணீரை இறக்கினால் அடியில் கிடக்கிற பாறைகள் வெளியே தெரியும், தெரிந்தால் அகற்றலாம். பழுதான எந்திரம், மோசமான பாகம் போன்றவை பாறைகள். அதோடு, உடம்பு முடியாமல் மெதுவாகச் செய்கிறவனும், கழிப்பறைக்குப் போனவனும் அதே கணக்கில் பாறையாகத் தெரிவார்கள் என்பதை உவமை சொல்வதில்லை. பக்கத்தில் நாலு பெட்டி கிடந்தால் ஒருவன் அஞ்சு நிமிஷம் நிதானிக்கலாம். பெட்டியே இல்லாவிட்டால் அவன் நிதானம் அடுத்தவனை நிறுத்தும், லைனை நிறுத்தும், எல்லாரும் அவனைப் பார்ப்பார்கள். கண்காணி தேவைப்படாத கண்காணிப்பு இது. பூக்கோ சிறைச்சாலையின் கட்டட அமைப்பில் கண்டதை இங்கே ஒரு அட்டையும் ஒரு காலி இடமும் செய்து முடிக்கின்றன. மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் இருவரும் 1988-இல் இதற்கு 'அழுத்தத்தின் வழியான நிர்வாகம்' என்று பெயர் வைத்தார்கள். பத்திரிகையாளர் சதோஷி கமாட்டா 1972-இல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து வேலை பார்த்து எழுதிய நூலை, ஓனோவின் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றில் வீண் என்று பெயர் பெற்றது மற்றதில் ஓய்வு என்று தெரியவரும்.

5

1980-களிலிருந்து இந்த முறைகள் உலகம் முழுக்கப் பரவின. அவற்றின் பெயர்கள் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற எந்தப் பையனுக்கும் தெரியும். ஹூண்டாய் 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது தன்னோடு கொரிய சப்ளையர்களையும் அழைத்து வந்து பக்கத்திலேயே குடியமர்த்தியது. லைன் வந்தால் கூடவே அதைச் சுற்றி ஒரு வளையமும் வரும்.

ஒன்று, மில்க் ரன். பால் சொசைட்டி வண்டி ஊர் ஊராகப் போய்க் கேன்களை எடுத்துக்கொண்டு காலிக் கேனை இறக்குவதுபோல, ஒரே லாரி பல சப்ளையர்களிடம் சுற்றி ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றிவரும். கிடங்கில் கிடந்த சரக்கு இப்போது சக்கரத்தின்மேல் கிடக்கிறது. சாலைதான் கிடங்கு, அதன் செலவு பொதுமக்களுடையது. ஜப்பானிலேயே 1990-களின் தொடக்கத்தில், நகரச் சாலைகள் லாரிகளால் அடைபடுவதற்கு இந்த முறைதான் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

இரண்டு, வரிசைப்படி அனுப்புதல். கார் சீட்டை எடுத்துக்கொள்வோம். லைனில் அடுத்தடுத்து வருகிற கார்களுக்கு வெவ்வேறு நிறம், வெவ்வேறு துணி. பெயிண்ட் முடித்து உடல் லைனுக்குள் நுழைந்ததும் சீட் ஆலைக்குச் செய்தி போகும். கார்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் சீட்டுகளைச் செய்து, அதே வரிசையில் லாரியில் ஏற்றி, சில மணி நேரத்துக்குள் லைன் ஓரம் கொண்டுவந்துவிட வேண்டும். இங்கே சீட் ஆலைத் தொழிலாளி நடைமுறையில் கார் ஆலையின் லைனில்தான் நிற்கிறான். சம்பளச் சீட்டு மட்டும் வேறு கம்பெனியுடையது.

மூன்று, கிட்டிங். ஒரு வண்டிக்கு வேண்டிய பாகங்களைச் சீர்வரிசைத் தட்டுபோல ஒரே தட்டில் முன்கூட்டியே அடுக்கி வண்டியோடு கூடவே அனுப்புவது. முன்பெல்லாம் பொருத்துகிறவன் வருகிற மாடலைப் பார்த்து, பக்கத்து அலமாரியிலிருந்து சரியான பாகத்தைத் தானே தேர்ந்து எடுப்பான். அதில் ஒரு சின்ன அறிவு, ஒரு சின்னப் பெருமை இருந்தது. இப்போது தட்டில் இருப்பதை எடுத்து மாட்டினால் போதும். அந்த அறிவு தட்டு அடுக்குகிறவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. அங்கே எந்தப் பெட்டிக்கு மேல் விளக்கு எரிகிறதோ அதில் கை விட வேண்டும். எடுத்ததும் விளக்கு அணையும். பிரேவர்மன் 1974-இல் எழுதிய, சிந்தனையும் செயலும் பிரிக்கப்படுவது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது கடினம். அறிவு இருவரிடமிருந்தும் கழற்றப்பட்டுக் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டது.

இதற்கெல்லாம் நடுவில் ஓடுகிற ஒருவன் இருக்கிறான். ஜப்பானிய ஆலைகளில் அவனுக்கு மிசுசுமாஷி என்று பெயர். குளத்து நீரின் மேல் ஓயாமல் வட்டமிடும் ஒரு பூச்சியின் பெயர் அது. குறித்த நேரத்துக்கு ஒரு சுற்று. காலிப் பெட்டியை எடு, நிறைந்த பெட்டியை வை, அட்டையை எடு, அடுத்த இடத்துக்குப் போ. 1913-இல் இருந்த 80 சுமப்பவர்களின் வாரிசு அவன். பொருத்துகிறவனின் நடையை ஒழித்தபோது நடை ஒழியவில்லை, இவன் காலுக்கு வந்து சேர்ந்தது. நம்மூர்ப் பக்கம் இவன் பெரும்பாலும் காண்ட்ராக்ட். கழுத்தில் தொங்குகிற அட்டையில் அவன் வேலை செய்கிற ஆலையின் பெயர் இருக்காது.

6

இப்போது நான் முன்னால் சொன்ன பலவீனத்துக்கு வருகிறேன்.

1996 மார்ச். அமெரிக்காவில் டேட்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு பிரேக் ஆலைகள். பிரேக் வேலையை வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துச் சுமார் 3,000 பேர் வெளியேறினார்கள். இருப்பு இல்லை. 17 நாளுக்குள் வட அமெரிக்காவிலிருந்த கம்பெனியின் பெரும்பாலான கார் ஆலைகள் நின்றன. வேலை நின்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

1997 பிப்ரவரி 1. ஜப்பானின் கரியாவில் அய்சின் ஆலையில் தீ. எரிந்தது பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சின்ன வால்வு செய்கிற பகுதி. டொயோட்டா வண்டிகளுக்கு ஏறக்குறைய அத்தனை வால்வும் அங்கிருந்துதான். சில நாளுக்குள் டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் அநேகமாக எல்லாமே நின்றன. பக்கத்து சப்ளையர்கள் ஒன்று சேர்ந்து தங்கள் பட்டறைகளில் வால்வு செய்து கொடுத்து ஒரு வாரத்துக்குள் மீட்டார்கள். நிர்வாக இலக்கியம் இதை ஒத்துழைப்பின் வெற்றியாகக் கொண்டாடுகிறது. கையடக்கமான ஒரு பொருள் இல்லாமல் ஒரு சாம்ராஜ்யம் நின்றது என்பதும் அதே சம்பவம்தான்.

1998. மறுபடியும் ஃப்ளிண்ட். தகடு அடிக்கும் ஆலையிலிருந்து புது லாரி மாடலுக்கான அச்சுகளை மே மாதக் கடைசி விடுமுறையில் நிர்வாகம் கிளப்பிக்கொண்டு போனது. 62 வருஷத்துக்கு முன்னால் நடந்த அதே அச்சு, அதே ஊர். ஜூன் 5 அன்று வேலைநிறுத்தம். ஒரு வாரத்துக்குள் பாகங்கள் செய்யும் இன்னோர் ஆலையும் சேர்ந்தது. இரண்டிலும் சேர்த்து 9,200 பேர். 54 நாள். வட அமெரிக்காவில் கம்பெனியின் உற்பத்தி ஏறக்குறைய முழுதும் நின்றது. சுமார் 200 கோடி டாலர் இழப்பு. அச்சுகள் திரும்பி வந்தன. ஆனால் ஃப்ளிண்டின் வேலைகள் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறுத்துகிற சக்தி மட்டும் இருந்தால் போதாது. பாதையை வேறு ஊருக்குத் திருப்பிவிடுகிற சக்தி மறுபக்கம் இருக்கிறது.

2009. குர்கான் பகுதியில் ரிகோ ஆட்டோ தொழிலாளர்கள் சங்கம் கேட்டுப் போராடினார்கள். ஒரு தொழிலாளி கொல்லப்பட்டார். அங்கிருந்து போக வேண்டிய பாகம் போகாததால் கனடாவில் ஃபோர்டின் ஓக்வில் ஆலை நின்றது. 2010 மே 17. சீனாவின் ஃபோஷானில் ஹோண்டாவின் கியர்பாக்ஸ் ஆலையில் சுமார் 1,800 பேர், பலர் பயிற்சி மாணவர்கள், வேலையை நிறுத்தினார்கள். சீனாவிலிருந்த ஹோண்டாவின் நான்கு கார் ஆலைகளும் நின்றன. கணிசமான கூலி உயர்வோடு திரும்பினார்கள். இந்தச் சம்பவங்களில் எதுவும் பிரதான லைனில் தொடங்கவில்லை. எல்லாமே லைனுக்குப் பாகம் வருகிற பாதையில் எங்கோ தொடங்கியவை.

மூலதனம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தில் சிப் ஆலைகள் பாதிக்கப்பட்டபின், டொயோட்டா தன் சப்ளையர்களைச் சில மாதங்களுக்கான சிப்களை இருப்பு வைக்கச் சொன்னது. 2021-இல் சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்கள் தவித்தபோது ஆரம்ப மாதங்களை அது ஓரளவு சமாளித்தது இதனால்தான். கவனியுங்கள், இருப்பு திரும்பி வந்துவிட்டது. ஆனால் சப்ளையரின் கிடங்குக்கு. 1921-இல் விற்பனையாளர் தலைக்குப் போனது, 2011-க்குப்பின் சப்ளையர் தலைக்குப் போயிருக்கிறது.

7

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 'மையச் செயல்பாடு' என்று ஒன்றை வரையறுக்கிறது. மையச் செயல்பாட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்பது பொது விதி. அதற்கும் விலக்குகள் உண்டு. எவை மையம் அல்ல என்ற பட்டியலில் துப்புரவு, காவல், கேண்டீன் ஆகியவற்றோடு 'ஏற்றுதல் இறக்குதல்' வருகிறது, 'போக்குவரத்து' வருகிறது. இவையே ஒரு நிறுவனத்தின் பிரதான தொழிலாக இருந்தாலொழிய இவற்றை மையமாகக் கருத வேண்டியதில்லை. கார் ஆலையின் தொழில் கார் செய்வது. ஆகவே லைனுக்குப் பாகம் கொண்டு தருகிறவனை ஏற்றி இறக்குகிறவன் என்று காட்டிவிட்டால் அவன் மையத்துக்கு வெளியே.

மேலே பார்த்த வரலாறு இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. நகரும் லைன் பிறந்ததே கொண்டு தருகிற வேலையைத் திருத்தி அமைத்ததில்தான். இருப்பைக் கரைத்த ஒவ்வொரு முறையும் கொண்டு தருகிறவனின் வேலையைப் பொருத்துகிறவனின் வேலையோடு நிமிஷக் கணக்கில் இறுக்கிக் கட்டியது. கிடங்கு இருந்த காலத்தில் சுமப்பவர் ஒரு மணி நேரம் வராவிட்டால் ஒன்றும் ஆகாது. இன்று வராவிட்டால் லைன் நிற்கும். தொழில்நுட்பம் அவனை மையத்துக்கு இழுத்த அதே காலத்தில் சட்டம் அவனை வெளியே தள்ளுகிறது. இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. நிறுத்தக்கூடிய இடத்தில் நிற்பவனிடம் நிறுத்துகிற உரிமை இருக்கக் கூடாது என்பது இதன் தர்க்கம். இடமாற்றமும் உற்பத்தியே, அந்த உழைப்பும் மதிப்பைச் சேர்க்கிறது என்று 'மூலதனம்' இரண்டாம் பாகம் சொல்வதை நம் இடதுசாரி நண்பர்கள் இந்த இடத்தில் மறுபடி எடுத்துப் படிப்பது நல்லது.

நிரந்தரத் தொழிலாளர் சங்கங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை நடக்கும்போது, டிராலி தள்ளுகிறவன், தட்டு அடுக்குகிறவன், சீட் ஆலையில் நிற்கிறவன், மில்க் ரன் லாரி ஓட்டுகிறவன் இவர்களில் யார் பெயர் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இருக்கிறது? 1936-இல் ஃப்ளிண்ட் தொழிலாளர்கள் முதலில் செய்த வேலை, எந்தப் பாகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டது. அதை இன்று ஒரகடத்தில் யாராவது வரைந்து பார்த்திருக்கிறோமா? அந்த வரைபடத்தைப் பொருத்துகிறவன் மட்டும் தனியாக வரைய முடியாது. பாதை முழுக்க நடந்தவனுக்குத்தான் பாதை தெரியும். அவனோடு பேசத் தொடங்குவது எப்படி என்பது பற்றி நண்பர்கள் எழுத வேண்டும்.